ஹாரன் அடிக்காமல் வந்த வண்டி

அன்று ராயக்கோட்டைப் பக்கத்து ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நான், முஹ்சின், லாவண்யா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். முஹ்சினின் பிஸ்கட் பாக்கெட்டை நம்பி வந்த ஒரு நாய். ஏரிக்குள் எண்ண முடியாத அளவுக்குக் கொக்குகள். வந்த சரக்கு வண்டியின் எஞ்சினில் இரண்டு பேர். அந்த இருவரின் பெயர் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நாங்கள் மூவரும் ரயிலைப் படம் எடுக்கிறவர்கள். யாரும் சம்பளம் கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை. முஹ்சின் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை வைத்திருக்கிறான். லாவண்யா ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். நான் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் நைட் ஷிஃப்ட் பார்த்து, அதை விட்டுவிட்டு, இப்போது கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிட்டால் கேமராவோடு போகிறேன். மத்திகிரியில் ஒரு ரூம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு வளைவுக்குப் பைக்கில் போய் உட்கார்ந்துவிடுவோம்.

ரயில் வருவது அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு அட்டவணை இருக்கிறது. ரயில் வரும் அந்த நேரத்தில் மேகம் விலகுவதற்கும் வெயில் எஞ்சின் மேல் மட்டும் விழுவதற்கும் அட்டவணை கிடையாது. அதற்காகத்தான் போய் உட்காருகிறோம். பத்து முறை போனால் ஒன்பது முறை வெறுங்கையோடு வருவோம்.

அந்த ஏரியில் இரண்டு மழைக்காலமாக முயன்றுகொண்டிருந்தோம். கொக்குக் கூட்டம் எழும்பும்போது எஞ்சின் நடுவில் வர வேண்டும். அதுதான் ஆசை. நடக்கவே இல்லை. காரணம், வளைவுக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை. அதைக் கண்டால் டிரைவர் ஹாரன் அடித்தாக வேண்டும். வளைவுக்கு அப்பால் ஒரு கேட் இருக்கிறது, ஆடுமாடு கடக்கிற பாதையும் இருக்கிறது. ஹாரன் கேட்டதும் கொக்குகள் எழும்பிப் போய்விடும். வண்டி வரும்போது வானம் காலியாக இருக்கும்.

"இவனுங்களுக்கு கை அரிக்குதா? ஒரு நாளாச்சும் அடிக்காம வரக்கூடாதா?" என்று முஹ்சின் ஒவ்வொரு முறையும் திட்டுவான்.

அன்று வண்டி ஹாரன் அடிக்காமல் வந்தது.

மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று திறந்து வெயில் உள்ளே வந்தது. மலை இருட்டு, ஏரி இருட்டு, எஞ்சின் மட்டும் வெளிச்சம். வண்டி மிக அருகில் வந்த பிறகுதான் கொக்குகளுக்குத் தெரிந்தது. மொத்தமாக எழும்பின. எஞ்சினைச் சுற்றி வெள்ளையாக வெடித்த மாதிரி இருந்தது. நான் விரலை அழுத்தியது அழுத்தியபடி இருந்தேன். லாவண்யாவின் கேமராவில் பேட்டரி தீர்ந்திருந்தது. முஹ்சின் நாய்க்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தான். எடுத்தது நான் ஒருவன்தான்.

"மச்சான், செத்தாலும் இந்த மாதிரி இன்னொண்ணு கெடைக்காதுடா" என்றான் முஹ்சின், என் கேமரா திரையைப் பார்த்துவிட்டு.

"நீ செத்துட்டா எப்படிடா கெடைக்கும்?" என்றாள் லாவண்யா. அவளுக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு படம். விரலை எடுக்காமல் அழுத்தினால் கேமரா நொடிக்கு ஐந்தாறு படம் எடுக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை அழித்துவிட வேண்டும். முஹ்சின் வைத்த சட்டம். பொறுக்கத் தெரியாதவன் படம் எடுக்கக் கூடாது என்பான். நானும் ஒன்றைப் பொறுக்கி என் பெயர் போட்டு அனுப்பினேன். மற்றதை அழிக்கவில்லை. சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

இரண்டு நாள் குழுவில் வேறு பேச்சே இல்லை. எஞ்சின் எண்ணைப் படித்தார்கள். எந்த ஷெட்டில் இருந்து வந்தது என்று சண்டை போட்டார்கள். வைப்பர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, முகப்பு விளக்கு எரிகிறதா, மேலே கம்பியைத் தொடும் சட்டத்தில் தண்ணீர் தெறிக்கிறதா என்றெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தார்கள். முஹ்சின் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்தான்.

மூன்றாவது நாள் முஹ்சினின் அம்மா முனவர் பேகம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். நானும் அங்கே இருந்தேன். டிபனை வைத்துவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்டா, வண்டி ஓட்டுறவரு தூங்கிட்டு இருக்காரே?"

"எங்கம்மா தூங்குறாரு? கொக்க பாரும்மா. எவ்ளோ கொக்கு."

"கொக்கு கெடக்குது. இங்க பாரு. கண்ண மூடிட்டு, வாயத் தொறந்துட்டு. உங்கப்பா டிவி முன்னாடி இப்படித்தான் உக்காந்திருப்பாரு."

எஞ்சின் கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் இருட்டுதான் இருக்கும். ஆள் தெரியாது. அன்று வெயில் தாழ்வாக, நேராக உள்ளே விழுந்திருந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர். தடித்த கழுத்து. கண்கள் மூடியிருந்தன. படத்தைப் பார்த்த அத்தனை ரயில் பைத்தியங்களும் திருகாணி வரைக்கும் பார்த்திருந்தார்கள். ஆளைப் பார்க்கவில்லை.

முஹ்சின் சிரித்தான். கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்த ஒருவரிடம் காட்டியும் சிரித்தான். அவர் போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் முகம் மட்டும் வெட்டப்பட்ட படம் ஓசூர் முழுக்கச் சுற்றியது. மறுநாள் கன்னடத்தில் எழுதி வந்தது, தெலுங்கில் வந்தது. அதற்கடுத்த நாள் அந்த டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பெயர் கங்கப்பன். ஓசூர்க்காரர்தான்.

முஹ்சின் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. லாவண்யா தூங்காமல் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினாள். கேமராவின் கதவு திறந்து மூடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு. மனிதன் நிமிடத்துக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறான். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் எத்தனை பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஒரு சிமிட்டலை வைத்து ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள். நல்ல கட்டுரை. எங்கள் ஆட்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள். ஜனம் அப்படியே திரும்பியது. முதலில் திட்டியவர்களே இப்போது பாவம் என்றார்கள்.

நானும் அதை நம்பினேன். நிச்சயமாக்கிக்கொள்ளலாம் என்றுதான் லேப்டாப்பில் மிச்சப் படங்களைத் திறந்தேன். ஒன்றில் கண் திறந்திருந்தால் போதும், பிரச்சினை முடிந்தது.

முதல் படத்தில் மின்கம்பம் முகத்தை மறைத்திருந்தது. அடுத்ததில் கண் மூடியிருந்தது. அதற்கடுத்ததிலும். வெளிச்சம் குறைவாக இருந்தவற்றைக் கூட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூடியிருந்தது. ஏறக்குறைய மூன்று நொடி. ஒவ்வொரு படத்திலும் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. கை மட்டும் கைப்பிடி மேல் இருந்தபடி இருந்தது.

தூங்குகிறவன் முகம் எனக்குத் தெரியும். பிரஸ் ஷாப்பில் எனக்கு எதிர் மெஷினில் ராஜேஷ்குமார் நின்றுகொண்டே தூங்குவான். கை தகட்டை வைக்கும், எடுக்கும், வைக்கும். கண் மூடியிருக்கும். ஒரு விடிகாலையில் கை தகட்டை வைத்தது, எடுக்கவில்லை; மெஷின் அதன் மேல் இறங்கியது. அவன் கத்தியது அப்புறம்தான். முதலில் அவன் முகத்தில் வந்தது குழப்பம், யாரோ தூக்கத்தில் தட்டி எழுப்பிய மாதிரி. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஹாரன். அந்த ஆள் விழித்திருந்தால் பலகையைப் பார்த்து ஹாரன் அடித்திருப்பார். கொக்குகள் முன்பே போயிருக்கும். வானம் காலியாக இருந்திருக்கும். எங்களுக்கு இரண்டு மழைக்காலமாகக் கிடைக்காத படம் அன்று கிடைத்ததற்குக் காரணம் அவர் தூங்கியதுதான். அதிர்ஷ்டம் என்று நாங்கள் கும்மாளம் போட்டது அதைத்தான்.

ஓசூர் ஸ்டேஷனில் வண்டி ஹாரன் அடித்தால் என் ரூமுக்குக் கேட்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஹாரனுக்கும் காது விறைத்துக்கொள்ள ஆரம்பித்தது. அடித்தால் பயம் கொஞ்சம் தணியும். வண்டிச் சத்தம் மட்டும் வந்து ஹாரன் வராவிட்டால் கைவேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் ஒரு பெண் என் ரூமைத் தேடி வந்தார். கையில் ஹெல்மெட். ஏதோ கம்பெனிக் கேன்டீனின் பச்சை மேல்சட்டை.

"நீங்கதான தங்கதுரை? படம் எடுத்தவரு?"

"ஆமாக்கா."

"நான் கங்கப்பன் வீட்டுக்காரி. வினோதா."

இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்கார வரல தம்பி. ஒண்ணு கேக்கணும். அந்த எடத்துல ஒரே ஒரு படம்தான் எடுத்தீங்களா? இல்ல அதுக்கு முன்ன பின்ன இருக்குதா?"

லேப்டாப் கட்டில் மேல் மூடிக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"இல்லக்கா. எங்க குரூப்புல வழக்கம் அது. ஒரு வண்டிக்கு ஒரு படம். மத்தத அழிச்சிருவோம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவர் நீளமாக மூச்சு விட்டார். தோள் இறங்கியது. "நல்லதாப் போச்சு" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவசரமாகத் திருத்தினார். "இல்ல, இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். கண்ணு தொறந்திருக்கறது தெரிஞ்சிருக்குமில்ல."

"ஆமாக்கா."

"வியாழக்கிழம விசாரண வெச்சிருக்காங்க. யூனியன்காரரு சொல்றாரு, எடுத்தவரே வந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும்னு. முன்னாடி கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, நான் பாத்தேன்னு. வருவீங்களா தம்பி? அவருக்கு அந்த வேலைய விட்டா ஒண்ணும் தெரியாது. வீட்ல உக்கார வெச்சா செத்துருவாரு."

வருகிறேன் என்றேன். அவர் படியிறங்கிப் போனார். கண் திறந்த படம் தேடி வந்தவர், படமே இல்லை என்றால் முகம் சுருங்க வேண்டும். இவருக்கு நிம்மதி வந்தது. வேறு படத்தில் என்ன இருக்கும் என்று இவருக்கு முன்பே தெரியும்.

முஹ்சினிடம் மட்டும் சொன்னேன். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாப் படங்களையும் பார்த்தான். உதட்டைக் கடித்தான்.

"அழிச்சிரு."

"எதுக்குடா?"

"சட்டம் என்னா? ஒரு வண்டிக்கு ஒரு படம். நீ அன்னைக்கே அழிச்சிருந்தா இது இல்ல. இப்ப அழி. இல்லாததுக்கு எதுக்கு பயப்படற?"

"அந்தாளு மறுபடி வண்டி ஏறுவாருடா."

"ஏறட்டும். அவருக்கு மேல எத்தன ஆபீஸர் இருக்காங்க? அவங்க பாத்துக்குவாங்க. நீ யாரு, ரயில்வே மினிஸ்டரா? கல்யாணத்துல தாலி கட்டறப்ப லைட் புடிக்கறவன்."

நான் அழிக்கவில்லை. புதன்கிழமை மதியம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கங்கப்பன் வீட்டுக்குப் போனேன். நாளை அதிகாரி முன்னால் பொய் சொல்ல என்னால் முடியாது. உண்மை சொல்லவும் முடியாது. அவரிடமே காட்டிவிட்டால் முடிவை அவர் எடுப்பார். அப்படி நினைத்துக்கொண்டேன்.

தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் வாடகை வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அறை, பக்கத்தில் சமையல் இடம். கங்கப்பன் லுங்கியோடு நாற்காலியில் இருந்தார். படத்தில் இருந்ததைவிடப் பெரிய உடம்பு. என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"வாப்பா போட்டோகாரா! உன்னால நான் ஸ்டார் ஆயிட்டேன். பால்காரன்கூட குட்மார்னிங் சொல்லாம குட்நைட் சொல்றான்."

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றார் வினோதா உள்ளிருந்து. என் பையை ஒரு தரம் பார்த்தார். டீ கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தார்.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல், அன்று எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் சந்தோஷமாக ஆரம்பித்தார். பேச ஆள் கிடைக்காமல் இருந்திருப்பார் போல.

"முந்தின ராத்திரியே லோடு ஏறிப்போச்சு. கௌம்பறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. வழியில சிக்னல் குடுக்காம நிறுத்திப் போட்டான். பரவால்ல, நமக்கு பழக்கம்தான். அந்த ஏரிகிட்ட திரும்பறப்போ எதிர்ல ஒரு—"

நின்றுவிட்டார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். கண்கள் மூடியிருந்தன. தலை சாயவில்லை, உடம்பு அசையவில்லை. டீ தம்ளர் கையிலேயே இருந்தது. வினோதா சமையல் இடத்திலிருந்து வந்து, அவர் விரல்களுக்கிடையில் இருந்து தம்ளரை ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்தார். எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கங்கப்பனின் மூச்சு நின்றிருந்தது. நானும் மூச்சு விடவில்லை. தெருவில் தண்ணீர் வண்டி போன சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு தொண்டையில் ஒரு இழுப்பு, கண் திறந்தது.

"—ஒரு மாடு நிக்கும். எப்பவும் நிக்கும், கெழட்டு மாடு." கையை நீட்டினார். வினோதா தம்ளரை அதில் வைத்தார். ஒரு வாய் குடித்தார். "என்னாடி, ஆறிப்போச்சு?"

"பேசிட்டே இருந்தா ஆறாதா?" என்றார் வினோதா.

அவருக்குத் தெரியவே இல்லை. அதுதான் என்னைக் குலைத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அந்த நேரம் நடக்கவே இல்லை.

"அண்ணே, அன்னைக்கு ஹாரன் அடிச்சீங்களா?"

"அடிக்காம? அந்த மஞ்சப் பலகையப் பாத்தா கை தன்னால போகும். நீட்டா ஒண்ணு அடிச்சேன். கொக்கெல்லாம் எழும்பிப் போயிருச்சு. நான் போறப்ப ஏரி சுத்தமா காலி."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும்தான்."

வெட்டிய முகத்தை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். முழுப் படத்தை யாரும் அவருக்குக் காட்டவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்தேன். வினோதா ஒரு அடி முன்னால் வந்தார். "அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே தம்பி." குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது.

கங்கப்பன் முதலில் கொக்குகளைப் பார்த்தார். எஞ்சின் கண்ணாடிக்கு மிக அருகில், வெள்ளை வெள்ளையாக, அவர் முகத்துக்கு எதிரே.

"இது அன்னைக்கு எடுத்ததா?"

"ஆமாண்ணே."

"நான் பாக்கலியே."

அடுத்த படத்துக்குப் போகும் பொத்தானைக் காட்டினேன். அவர் ஒரு விரலால் அழுத்தினார். ஒன்று, அடுத்தது, அடுத்தது. கடைசிக்குப் போய் மறுபடி முதலில் இருந்து வந்தார். மூன்றாவது முறை போனபோது பாதியில் விரலை எடுத்துக்கொண்டார்.

"செத்தவன் மாதிரி இருக்கேன்" என்றார்.

வினோதா படத்தில் அவரைப் பார்க்கவில்லை. விரலை வைத்தது கண்ணாடியின் மறுபக்கத்தில். அங்கே ஒரு காலி இருக்கை தெரிந்தது.

"இந்தப் பக்கம் யாருமே இல்லியே?"

"அசிஸ்டண்ட் பின்னால போயிருப்பான். மெஷின் எல்லாம் ஓடறப்பவே பாக்கணுமில்ல."

"அடிக்கடி போவாரா?"

"போகணும்டி. ரூல் அது."

"அப்ப நீங்க மட்டும் இருப்பீங்களா?"

"கொஞ்ச நேரம்தான். நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு பட்டன் அமுக்கணும். அமுக்கலன்னா வண்டி தானா நின்னுரும். அதெல்லாம் சேஃப்டி இருக்குது."

கை தானாக அமுக்கும் என்று எனக்குத் தோன்றியது. ராஜேஷ்குமாரின் கை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

வினோதா தரையில் உட்கார்ந்துவிட்டார். "சோறு தின்னறப்ப தூங்கறீங்க. கை வாய்கிட்ட போறப்ப தூங்கறீங்க. ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது, நான் முழிச்சிட்டு எண்ணிட்டு இருக்கேன். வண்டில ரெண்டு பேரு இருப்பீங்க, ஒருத்தரு தூங்குனா ஒருத்தரு தட்டுவாருன்னு இருந்தேன். அத நம்பித்தான் அனுப்பிட்டு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா? டாக்டரு எழுதிக் குடுப்பாரு. எஞ்சின விட்டு எறக்கி ஆபீஸ்ல ஃபைல் தூக்க விடுவாங்க. ஒத்துக்குவீங்களா?"

அவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நாளை என்ன சொல்ல வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்பார் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது.

பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். கன்னடத்தில் ஆமாம், சரி, வருகிறேன் என்றார். "ஹௌது சார். ஆயித்து சார். ஆயித்து, பர்த்தீனி." வைத்துவிட்டுத் திரும்பியபோது முகம் மாறியிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

"விசாரண இல்லியாம். அந்தப் பொண்ணு எழுதினது மேல வரைக்கும் போயிருக்குது. கண்ணு சிமிட்டுனதுதான்னு முடிச்சிட்டாங்க. ஆள் பத்தலியாம். இன்னைக்கு சாயந்தரமே வரச் சொல்லிட்டாங்க."

"சரக்கு வண்டியாண்ணே?"

"இல்ல. பாசஞ்சர்."

மாலை வண்டியில் கம்பெனி விட்டுப் போகிறவர்கள் கதவு வரைக்கும் தொங்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதையும் படம் எடுத்திருக்கிறோம்.

"அண்ணே, வேணாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க."

"இத்தன நாள் வேணாம்னு வெச்சிருந்துட்டு இப்ப கூப்பிடறாங்க. இன்னைக்கு போகலன்னா என்ன நெனைப்பாங்க? தூங்கினது நெசம்னு ஆயிராது? இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வர்றேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். சத்தியமா போறேன். வீட்ல இருந்து நல்லா தூங்கியாச்சு, இப்ப தெம்பா இருக்கேன்."

"இப்பதான் டீ குடிக்கறப்ப தூங்கினீங்க."

"யாரு?"

"நீங்கதான். மாடு நிக்கும்னு சொல்றதுக்கு முன்னாடி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வினோதாவைப் பார்த்தார். வினோதா தலையை ஆட்டினார். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. ஆனால் நின்றதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது போன் செய்யலாம். யாருக்கு? என்னவென்று? சிமிட்டல் என்று உலகத்துக்குச் சொன்னதே எங்கள் குழு. அதை நம்பித்தான் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கவுன்ட்டராக ஏறி இறங்குவதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

வினோதா எழுந்து சமையல் இடத்துக்குப் போனார். அடுக்கு டிபனில் சோறு வைக்கிற சத்தம் கேட்டது. மூடியைப் பொருத்த முடியாமல் இரண்டு மூன்று முறை தட்டினார். அனுப்பப் போகிறார் என்று புரிந்தது. எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

கங்கப்பன் நீலச் சட்டை போட்டு, தலை சீவி வந்தார். பூட்ஸ் மாட்டினார். பையைத் திறந்து பார்த்துக்கொண்டார். கொடி இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தொட்டார். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி இருந்தது.

"டார்ச் எங்கடி?"

வினோதா டிபனோடு கூடத்துக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"உள் ரூம்ல. பீரோ மேல."

அவர் உள்ளே போனார். அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல், கம்பி போட்டது. கூடத்துப் பக்கம் மட்டும்தான் கதவு. ஊருக்குப் போகும்போது சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டுவதற்காகக் கதவின் வெளிப்பக்கம் கொண்டி அடித்திருந்தார்கள். பூட்டு பக்கத்து ஆணியில் தொங்கியது.

"இங்க இல்லியே" என்றார் கங்கப்பன், பீரோ மேல் கையால் துழாவியபடி.

"நல்லா பாருங்க. பின்னால இருக்கும்."

வினோதா டிபனைத் தரையில் வைத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. போய்க் கதவைச் சாத்தினார், கொண்டியை இழுத்துப் போட்டார், பூட்டை மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினார். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.